கரோக்கே பட்டியலைத் துப்புரவாக்கலாம், பாடினவரைத் துடைக்கக் கூடாது

கம்பஸில் என்ன நிகழ்வு என்றாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் கரோக்கேதான். வெல்கம் பார்ட்டி, கோயிங் டவுன், ஹொஸ்டலில் யாருடையதோ பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் ஒரு லப்டொப், ஒரு ஸ்பீக்கர், இரண்டு மைக் போதும். இவற்றோடு யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு சாமானும் இருக்கிறது. அதுதான் பாட்டுப் பட்டியல். பட்ச்சுக்குப் பட்ச் கைமாறி வருகிற அந்த எக்ஸெல் பைலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதற்குள் எவ்வளவு குப்பை கிடக்கிறது என்று தெரியும். ஒரே பாட்டு ஐந்து தரம் இருக்கும். தலைப்புக்குள்ளேயே படத்தின் பெயர், நடிகரின் பெயர், 'எச்டி', 'க்ளீன்', 'ஷோர்ட்', ஏற்றினவரின் செல்லப்பெயர், போதாததுக்கு நாலு நட்சத்திரக் குறி.

வருடா வருடம் யாராவது ஒருவர் 'இந்த முறை இதை ஒருக்கா துப்புரவாக்குவம்' என்று கிளம்புவார். கிளம்பத்தான் வேணும். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் துப்புரவாக்குதல் என்ற பெயரில் நடக்கிற வேலையில் குப்பையோடு சேர்ந்து வேறு சிலதும் வெளியே போகின்றன. என்னென்ன போகின்றன என்பதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

முதலில் தலைப்பு. ஆங்கிலப் பாட்டுக்குப் பெரும்பாலும் எழுதினவரே வைத்த ஒரு பெயர் இருக்கும். நமது சினிமாப் பாட்டுகளில் அப்படிக் கிடையாது. பல்லவியின் முதல் இரண்டு மூன்று சொற்களைத்தான் பெயர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே வெட்டுவது என்பது வெட்டுகிறவரின் விருப்பம். ஒருவர் இரண்டு சொல்லோடு நிறுத்துவார், இன்னொருவர் முழு அடியையும் போடுவார், மூன்றாமவருக்குத் தொடக்கத்தில் வருகிற ஹம்மிங்கும் தலைப்புத்தான். ஆங்கில எழுத்தில் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். 'சின்ன' என்ற சொல்லை ஒருவர் 'சீ எச்' போட்டுத் தொடங்குவார், மற்றவர் 'எஸ்' போட்டுத் தொடங்குவார். ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்பார், இன்னொருவர் வெறும் 'எல்' என்பார். இவர்களில் யாரும் பிழை செய்யவில்லை. ஆகவே ஒரு வடிவத்தைச் சரி என்று எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தால் பட்டியல் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் மற்ற மாதிரித் தேடுகிற ஆளுக்கு அந்தப் பாட்டு இல்லை.

அடுத்தது கணினி. ஆயிரக்கணக்கான வரிகளைக் கையால் திருத்த ஏலாது என்று யாராவது ஒரு சின்ன நிரல் எழுதுவார். 'எழுத்தும் எண்ணும் தவிர மற்றதெல்லாவற்றையும் நீக்கு' என்பதுதான் அதில் வழக்கமான கட்டளை. ஆங்கிலத்துக்கு அது சரி, நட்சத்திரமும் அடைப்புக்குறியும் மட்டும் போகும். தமிழில் என்ன நடக்கும் தெரியுமா? யுனிகோட் வகைப்பாட்டில் நமது உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'எழுத்து' இல்லை, எழுத்தோடு ஒட்டுகிற 'குறி'. அதனால் பல நிரல்கள் அவற்றையும் சேர்த்தே கூட்டித் தள்ளிவிடும். 'சின்ன மாமியே' என்பது 'சனன மமய' என்று வந்து நிற்கும். சிரிப்பு வரும்தான். ஆனால் அந்தப் பட்டியலைச் சேமித்துப் பழையதை அழித்துவிட்டால் அதன் பிறகு சிரிக்க ஏலாது.

பாமினியில் அடித்த பழைய பட்டியல்களின் கதையும் இதுதான். பாமினி எழுத்துருவில் நமக்குத் தெரிகிற புள்ளி, கணினிக்கு ஓர் அரைப்புள்ளி. நிறுத்தக்குறிகளை நீக்கு என்று சொன்ன உடனே மெய்யெழுத்து எல்லாம் அகரமேறிவிடும். சரி, முழுக்க யுனிகோட்டில் இருந்தால் தப்பினோமா? அதுவும் இல்லை. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒருங்கமைக்காத வரைக்கும் கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். 'கௌ'வைக் கொம்பும் ளகரமும் போட்டு அடிக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டால், ஒரே பாட்டு ஏன் ஐந்து தரம் நிற்கிறது என்று விளங்கும். இவை உண்மையிலேயே துப்புரவாக்க வேண்டிய அழுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாததால் இதை ஒருவரும் தொடுவதில்லை.

தொடுவது எதை என்றால், ஒரே பெயரில் இருக்கிற இரண்டு வரிகளை. 'பொன்மகள் வந்தாள்' இரண்டு தரம் இருக்கிறதே, ஒன்றைத் தூக்கு என்பார்கள். 1970இல் வந்த 'சொர்க்கம்' படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் பாடியது ஒன்று. 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அதை மீளச் செய்தது மற்றது. கரோக்கேயில் இரண்டும் இரண்டு பாட்டு. தாளம் வேறு, எடுக்கிற இடம் வேறு. ஒன்றைப் பாடப் போன ஆளுக்கு மற்றதைப் போட்டுவிட்டால் முதல் வரியிலேயே தொண்டை நின்றுவிடும்.

இதே மாதிரித்தான் 'ஷோர்ட்', 'டூயட்', 'பீமேல் கீ' போன்ற சொற்களும். தலைப்புக்குள் அவை அசிங்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாடப் போகிறவருக்குத் தேவையான தகவலும் அவைதான். பாட்டு பாதியில் முடியுமா, பக்கத்தில் இன்னொரு ஆள் வேணுமா, சுருதி தனக்குப் பொருந்துமா என்று மைக்கைப் பிடிக்க முதலே தெரிய வேண்டும். அவற்றைத் தலைப்பில் இருந்து எடுங்கள். எடுத்து இன்னொரு நிரலில் வையுங்கள். எடுத்து எறிவதும் எடுத்து வைப்பதும் ஒரே வேலை இல்லை.

இனி என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிற விசயத்துக்கு வருகிறேன். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற நிரல்.

சர்வதேச மென்பொருள்கள் ஒரு பாட்டுக்கு ஒரு பாடகரோ ஒரு குழுவோ இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. அல்ட்ராஸ்டார் என்ற இலவசக் கரோக்கே விளையாட்டின் பைலைத் திறந்தால் மேலே தலைப்பு, ஆர்ட்டிஸ்ட், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரி இருக்கும். எழுதியவருக்கென்று இடம் கிடையாது. நமது ஆட்கள் அந்த ஆர்ட்டிஸ்ட் வரியில் சிலவேளை இசையமைப்பாளரைப் போடுகிறார்கள், சிலவேளை படத்தின் பெயரை. பல நேரம் நடிகரின் பெயர்தான். டி.எம்.எஸ். தொண்டை கிழியப் பாடியது 'சிவாஜி ஹிட்ஸ்' ஆகிவிடுகிறது. எழுதின கவிஞர் எங்கேயும் இல்லை.

சினிமாப் பாட்டுக்காவது படம் என்று ஒரு விலாசம் இருக்கிறது. படமே இல்லாத பாட்டுக்கு? நமது நாட்டுப் பொப் பாட்டுகளைப் பாருங்கள். 'சின்ன மாமியே' தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள், அதைத் தந்தவர் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி நித்தி கனகரத்தினம். நான் பார்த்த பட்டியல்களில் அது 'நாட்டுப்புறப் பாடல்' என்றோ 'அன்னோன்' என்றோதான் நிற்கிறது. பாடினவரின் பெயர் தெரிந்திருந்தும், அவருடைய பாட்டை யாரும் பெறாத பிள்ளை ஆக்கிவிட்டோம்.

'சுராங்கனி'யின் கதை இன்னும் சிக்கல். அதை ஊரெல்லாம் கொண்டுபோனவர் ஏ.ஈ.மனோகரன். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற இந்தியத் தமிழ்ப் படத்தில் இளையராஜா இசையில் அது மறுபடி வந்தது. படத்தின் பெயரை வைத்து ஒழுங்குபடுத்துகிற பட்டியலில் படப் பதிவு தங்கிவிடும். 'படம்' நிரல் வெறுமையாக இருப்பதால் மனோகரனின் பதிவு முழுமையில்லாத தரவு என்று அழிபடும். மொழி நிரலிலும் சண்டை. சிங்களமும் தமிழும் கலந்த பாட்டுக்கு எதைத் தெரிவது? ஒன்றைத்தான் தெரியலாம் என்கிறது மென்பொருள். தமிழைத் தெரிந்தால், சிங்களப் பட்டியலில் தேடுகிற எங்கள் பட்ச் நண்பர்களுக்கு அந்தப் பாட்டு கிடைக்காது. எல்லாருமாகச் சேர்ந்து பாடக்கூடிய பாட்டுகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

'மச்சான், பார்ட்டியில கத்திறதுக்கு ஒரு லிஸ்ட். இதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கரோக்கே என்ற ஜப்பானியச் சொல்லில் 'கரா' என்றால் வெறுமை, 'ஓக்கே' என்பது ஓர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். குரல் இல்லாத வாத்தியம். வானொலியில் பாட்டுப் போனால் பெயர் சொல்லாவிட்டாலும் குரலை வைத்து இது இன்னார் என்று பிடித்துவிடலாம். கரோக்கேயில் அந்தக் குரலைத்தான் முதல் வேலையாக எடுத்துவிடுகிறோம். அந்தப் பாட்டில் பாடகர் மிஞ்சி நிற்கிற ஒரே இடம் பட்டியலில் இருக்கிற அந்த ஒரு வரி. அதிலிருந்தும் எடுத்துவிட்டால் ஆள் முழுதாகவே போய்விட்டார்.

இதை எப்படிச் செய்வது என்று வெளியில் போய்ப் படிக்கத் தேவையில்லை. இலங்கை வானொலி இதை எப்போதோ செய்து காட்டியது. படம், பாடியவர்கள், பாடலை எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர்கள் சொன்ன பிறகுதான் பாட்டு வரும். நமது அம்மப்பாமார் ஐம்பது வருடப் பழைய பாட்டுக்கும் கவிஞரின் பெயரைப் படக்கென்று சொல்வது அதைக் கேட்டு வளர்ந்ததால்தான். ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கும் அந்த வானொலிதான் இடம் கொடுத்தது. அந்த அறிவிப்பை இன்றைக்கு நமக்குச் செய்கிறது இந்த எக்ஸெல் பைல். நமது தம்பி தங்கைமார் ஒரு பாட்டின் பெயரை முதலில் பார்க்கிறது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே அடுத்த முறை கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மூலப் பட்டியலை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்தில் போடுங்கள், ஆங்கில எழுத்தில் அடிக்கிற மற்ற வடிவங்களை மாற்றுப் பெயர்களாகப் பக்கத்தில் வையுங்கள். தேடல் அவற்றையும் பார்க்கட்டும். பாடியவர், எழுதியவர், இசை, படம், ஆண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். படம் இல்லையென்றால் 'படம் அல்ல' என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாகக் கிடக்கிறதைத்தான் அடுத்த ஆள் அழிப்பார். மொழியில் இரண்டு இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் 'பாட்டு' என்ற ஆக்கத்தையும் அதன் ஒவ்வொரு 'ஒலிப்பதிவை'யும் வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் மனோகரனின் சுராங்கனியும் படத்தின் சுராங்கனியும் ஒரே பாட்டின் கீழ் இரண்டு பதிவாக நிற்கும், ஒன்றை ஒன்று விழுங்காது. அங்கே பல திருத்தங்கள் மற்றவர்களின் வாக்குக்கு விடப்பட்ட பிறகுதான் ஏறும். நமக்கு வாக்கெடுப்பு எல்லாம் வேண்டாம். அழிக்க முதல் இன்னொரு ஆளிடம் காட்டினால் போதும், முடிந்தால் அந்த ஆள் வேறு ஊர்க்காரராகவோ வேறு மொழிக்காரராகவோ இருக்கட்டும். மலையகத்து நண்பருக்குத் தெரிந்த பாட்டு யாழ்ப்பாணத்து ஆளுக்கு 'அன்னோன்' ஆக இருக்கலாம். மட்டக்களப்பில் எல்லாரும் பாடுகிறது கொழும்பில் வளர்ந்தவரின் காதில் ஒருநாளும் விழாமல் இருந்திருக்கலாம்.

நட்சத்திரக் குறிகளைத் தாராளமாகத் தூக்குங்கள். ஏற்றினவரின் செல்லப்பெயரையும் தூக்குங்கள், அவர் கோபிக்க மாட்டார். 'அன்னோன்' என்று போடுவதற்கு முன்னால் மட்டும் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து அம்மப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும்.