கூப்பன் விற்க முடியாதவருக்கும் ஓர் இருக்கை

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் மலைச்சாலையில், திரிங்காப்பைத் தாண்டியதும் வருவது கோலா தெர்லா. இந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் தேயிலைச் சரிவுகள். மறுபக்கம் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்கள். மழைநீர் எந்த வழியாக இறங்கும், எந்த இடத்தில் மண் சரியும் என்பது இங்கு வளரும் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் திறக்கும் முன்பே தெரியும். அவர்களில் ஒரு மாணவி பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்ற வடிவமைப்புப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய வகுப்பு வெளிநாட்டுக் கல்விப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுகிறது. அதற்குப் பணம் திரட்ட வேண்டும். அந்தப் பணத்தைத் திரட்டும் முறை பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

நிலத்தோற்ற வடிவமைப்பு என்றதும் பலருக்குப் பூந்தொட்டிகள்தாம் நினைவுக்கு வரும். உண்மையில் அது நிலத்தின் சரிவு, நீரின் ஓட்டம், மரங்களின் நிழல், மனிதர் நடக்கும் பாதை ஆகியவற்றைச் சேர்த்துத் திட்டமிடும் துறை. நம் நாட்டில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இதைப் படிக்கலாம். கேமரன் மலைக்கு இத்துறை எவ்வளவு தேவை என்பதை விளக்க ரிங்லெட் நீர்த்தேக்கம் ஒன்றே போதும். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்ட இடங்களிலிருந்து மண் அடித்து வரப்பட்டு, அதில் பல ஆண்டுகளாகப் படிந்து வந்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது.

“அதற்கு ஏன் வெளிநாடு போக வேண்டும்? எல்லாம்தான் கைப்பேசியில் இருக்கிறதே!” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சில பயணங்கள் பாதி படிப்பு, பாதி கடைத்தெரு என்று முடிவதும் உண்டு. ஆனால், நிலத்தைப் படத்தில் பார்ப்பது வேறு; காலால் நடந்து அறிவது வேறு. சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அந்தக் கால்வாயை உடைத்து, செடிகளும் கற்களும் கொண்ட கரைகளை அமைத்து, வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். வேலை 2012இல் முடிந்தது. மழை இல்லாத நேரத்தில் பிள்ளைகள் ஓடையருகே விளையாடலாம். மழை பெய்தால் புல்வெளியே வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். அந்தக் கரை எவ்வளவு சரிவாக இருக்கிறது, வேர்கள் மண்ணை எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதைக் குனிந்து தொட்டுப் பார்த்தால்தான் புரியும். கோலா தெர்லா மாணவிக்கு அங்கே கேட்பதற்குக் கேள்விகள் ஏராளம் இருக்கும். இன்னொன்று, சிங்கப்பூருக்குப் பேருந்திலேயே போகலாம். வெளிநாடு என்றால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

பயணம் தேவை என்று ஒப்புக்கொண்டால், அடுத்தது பணம். கல்விக் கடன் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். எனவே, பெரும்பாலும் கூப்பன் அச்சடிப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு 1,500 ரிங்கிட் தேவை. ஒரு கூப்பன் 10 ரிங்கிட். ஆகவே, ஒவ்வொருவரும் 150 கூப்பன்கள் விற்க வேண்டும். விற்காதவர் மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். பார்ப்பதற்கு இது சமமான விதிதான். பெட்டாலிங் ஜெயாவில் வாழும் ஒரு மாணவரின் தந்தை கூப்பன் கட்டைத் தம் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். நம் மாணவி யாரிடம் விற்பாள்? தோட்டத்தில் இருக்கும் சில குடும்பங்களிடம்; அதுவும் கோவில் திருவிழாவுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்தவர்களிடம். கடைசியில் அவள், “எனக்குப் பயணத்தில் விருப்பமில்லை” என்று சொல்லிவிடுவாள். யாரும் அவளைத் தடுத்ததாகத் தெரியாது. ஆனால், மலைச்சரிவை நன்கு அறிந்தவளே பேருந்தில் இருக்க மாட்டாள்.

ஆகவே, தனி ஒதுக்கீட்டைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. திரட்டும் பணம் முழுவதும் ஒரே நிதியில் சேரட்டும். யார் எவ்வளவு விற்றார் என்பது யாருடைய இருக்கையையும் தீர்மானிக்கக் கூடாது. 30 பேருக்குப் பணம் போதாவிட்டால், 20 பேரை அழைத்துச் செல்வதைவிடப் பயணத்தைச் சுருக்கலாம், நாள்களைக் குறைக்கலாம், இடத்தையே மாற்றலாம். “அப்படியானால் சிலர் உழைக்காமலே போய்விடுவார்களே” என்று கேட்கலாம். போகட்டும். உழைப்பு என்பது விற்பனை மட்டும் இல்லையே! கணக்கு எழுதுவது, சமைப்பது, பார்க்கப்போகும் இடங்களைப் பற்றிக் குறிப்புத் தயாரிப்பது எல்லாமே வேலைதான்.

இவ்வாறு பலர் சேர்ந்து கல்விக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அந்த நிதி துறையின் நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர உதவியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நூலகத்தின் படியைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை படிக்கும் என்பதற்காகக் கொடுத்த வெள்ளி அது.

ஒரே பெரிய புள்ளியிடம் காசோலை வாங்கிவிட்டால் வேலை சுலபமாக முடியுமே என்பவர்களும் உண்டு. முடியும்; நான் மறுக்கவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு அவர் வேறு செலவில் இருந்தால் அடுத்த வகுப்பு வீட்டிலேயே இருக்கும். இருநூறு பேர் சிறிது சிறிதாகக் கொடுத்த பழக்கம் அவ்வளவு எளிதில் அறுந்துவிடாது. தவிர, மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிழற்படம் எடுப்பதிலேயே அரைநாள் போய்விடும்!

பலரிடம் வாங்கும்போது பொறுப்பும் கூடுகிறது. வீடு வீடாகவும் தெருவிலும் பணம் திரட்டுவதற்கு நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு; அதன்படி முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். கணக்கு எழுதும் முறையைத் தோட்டக் கோவில்களிடமே கற்றுக்கொள்ளலாம். ஐந்து ரிங்கிட் கொடுத்தவருக்கும் ரசீது உண்டு. அவர் பெயரும் பலகையில் இருக்கும். மாணவர்களும் அப்படியே செய்யலாம். வரவும் செலவும் எழுதிய தாளைத் தோட்ட மண்டபத்தில் ஒட்டலாம். திரும்பி வந்ததும் தாங்கள் வரைந்த படங்களையும் அதே சுவரில் மாட்டி விளக்கலாம். “எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கு என்ன செய்யலாம்?” என்று ஒரு பாட்டி கேட்டால், அதற்கும் பதில் தேட வேண்டும்.

பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் முதல் கூப்பனை விற்பதற்கு முன்பே முடிவு செய்து, கூப்பனிலேயே அச்சிட்டுவிட வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்களின் நிதிக்கு அது போகட்டும் என்பேன். வேறு யோசனை இருப்பவர்கள் வகுப்பில் எழுந்து சொல்லலாம்.