ஆயாவுக்குப் பயிற்சியும் வேண்டும், மறுக்கும் உரிமையும் வேண்டும்: ஏலமலைக் குழந்தைக் காப்பகங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

அரசுப் பணத்திலோ தோட்ட நிர்வாகத்தின் பணத்திலோ நடக்கும் எந்தக் குழந்தைக் காப்பகமும், உடல்நலம், பாதுகாப்பு இரண்டிலும் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளே இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் திறந்திருக்கக் கூடாது. போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவுகளிலும் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களோடும், பிள்ளை பார்க்கும் பெண்களோடும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. கூடவே இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். அந்தப் பயிற்சிக்கான செலவு, போக்குவரத்து, அன்றைய கூலி எதுவும் ஆயாவின் தலையில் விழக் கூடாது. பணம் கொடுக்கும் அரசும் நிர்வாகமும்தான் பயிற்சியும் கொடுக்கக் கடமைப்பட்டவை.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பஞ்சோலை என்று போய்ப் பெண்கள் இறங்குகிறார்கள். தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் கம்பம்மெட்டு வழியாகப் போகிறார்கள். ஆடி பிறந்தால் காய் எடுப்பு சூடுபிடித்து, தை, மாசி வரை நீளும். ஜீப் கிளம்பும் நேரத்தில் பால்வாடிக் கதவு பூட்டியிருக்கும். ஜீப் திரும்புவதற்குள் மறுபடி பூட்டிவிடுவார்கள். நடுவில் பிள்ளை எங்கே இருக்கிறது? அப்பத்தா வீட்டில், கூலி வாங்கிக்கொண்டு நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கும் தெருக்காரப் பெண்ணிடம், தோட்டத்துக் காப்பகத்தில், அல்லது அம்மாவோடு ஜீப்பில் ஏறி ஏலக்காய் ஸ்டோர் திண்ணையில் கட்டிய தூளியில்.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர்கள் 50 பேர் இருக்கும் தோட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை நடத்த வேண்டும் என்றது. அந்த அறை, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் எழுதியது. 1981-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஏலமும் உள்ளே வந்தது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் சட்டத்துக்கு வெளியே நின்றது. இந்த மலையில் ஏலத் தோட்டங்களில் மிகப் பல சிறு தோட்டங்கள். சட்டத்துக்குள் வந்த தோட்டங்களிலும் எதில் பயிற்சி, எத்தனை நாள், யார் கொடுப்பது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்ற கேள்விகளைச் சட்டப் பிரிவு தொடவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. எழுபது வருஷத்துக்கு மேலாக விட்டுப்போனதை விதிகளில் எழுதிச் சேர்க்க இதுவே நேரம்.

மத்திய அரசின் பால்னா திட்டம், முன்பு தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் என்ற பெயரில் இருந்தது. அதன்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர்; நாளைக்கு ஏழரை மணி நேரம். ஆறு மாதக் கைக்குழந்தையும் ஓடியாடும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்க, ஒருவர் அடுப்படிக்குப் போனால் மற்றவர் கையில் 25 பிள்ளைகள். அந்த மற்றவர் பெரும்பாலும் உதவியாளர்தான். பயிற்சியில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அவருக்கே. அங்கன்வாடிப் பயிற்சித் திட்டத்தில் பணியாளருக்கு 26 நாள் பணிப் பயிற்சி, உதவியாளருக்கு 8 நாள் என்று வைத்தார்கள். அடுப்பு பற்ற வைப்பவரும், பிள்ளைக்குக் கால் கழுவி விடுபவரும், தூளியை ஆட்டுபவரும் அந்த 8 நாள்காரர். இதை மாற்றாமல் எந்தப் பாதுகாப்பு விதியும் அறைக்குள் நுழையாது.

ஏலமலையில் பாதுகாப்பு என்றால் முதலில் மருந்து. ஏலத்துக்கு அடிக்கும் அளவுக்கு வேறு எந்தச் செடிக்கும் இங்கே பூச்சிமருந்து அடிப்பதில்லை. காலி மருந்துக் கேன் நல்ல கெட்டியான கேன். கழுவித் தண்ணீர் பிடிக்கலாம், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று தோன்றும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டம் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயின் நிறமும் வாடையும் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அதையே ஊற்றிச் சமைக்கத் தலைமை ஆசிரியை சொன்னதாகவும் அப்போது செய்திகள் வந்தன. 2016-இல் தலைமை ஆசிரியைக்குத் தண்டனை கிடைத்தது. எங்களுக்கு அந்தத் தீர்ப்பைவிட அந்தச் சமையல்காரப் பெண்ணின் நிலைமைதான் பெரிது. வாடையைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைக்கும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்கும் பயிற்சியின் முதல் பாடம் மறுப்பது. வாடை அடிக்கும் எண்ணெயில் சமைக்க மாட்டேன், கசியும் சிலிண்டரைப் பற்ற வைக்க மாட்டேன், காய்ச்சலில் துவளும் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் அம்மாவைக் கூப்பிடுவேன் என்று ஓர் ஆயா சொன்னால், அதற்காக அவர் வேலை போகாது என்று எழுத்தில் வேண்டும். அந்தத் தாள் காப்பகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

மருந்தடித்த செடிக்குள் போய்வந்த அம்மா, பால் கொடுக்க இடைவேளையில் ஓடிவருகிறாள். அவள் புடவையிலும் கையிலும் மருந்து இருக்கிறது. வாசலிலேயே தண்ணீரும் சோப்பும், மேலே போட்டுக்கொள்ள ஒரு சுத்தமான துணியும் வைத்திருக்க வேண்டும் என்று ஆயாவுக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பலமும் வேண்டும்.

அடுத்தது மூச்சுத் திணறல். நிலக்கடலை, பட்டாணி, சட்டைப் பொத்தான் எதுவும் சில நிமிஷங்களில் உயிரை எடுத்துவிடும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது அடைப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஐந்து தட்டு; அடைப்பு வெளியே வரவில்லையென்றால் மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்து. இதைப் படத்தில் பார்த்தால் வராது. பொம்மையை வைத்துக் கையால் பத்துத் தடவை செய்து பார்த்த பெண்ணுக்கு மட்டுமே அந்த நேரத்தில் கை நடுங்காது. பயிற்சி என்று நாங்கள் சொல்வது இதை. மண்டபத்தில் உட்கார வைத்து நடத்தும் உரையும், கடைசியில் ஒரு குரூப் போட்டோவும் எங்கள் கணக்கில் பயிற்சி ஆகாது.

தூளியை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூளியில் தூங்காத பிள்ளை இந்த மண்ணில் இல்லை. தரையிலிருந்து எத்தனை உயரத்தில் கட்டுவது, விளையாடும் பெரிய பிள்ளை அதில் முறுக்கிச் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கும் ஆபத்து என்ன, வாளியில் அரையடித் தண்ணீர்கூட தவழும் குழந்தைக்கு எப்படி எமனாகும் என்பதெல்லாம் சொல்லித்தர வேண்டிய விஷயங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையை 14 நாள் விடாமல் கொடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சளி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கூடாது என்று அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. டாக்டர் சீட்டும், தாயின் கையெழுத்தும் இல்லாமல் எந்தக் காப்பகத்திலும் ஒரு சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது. பிள்ளை தூங்கட்டும் என்று சிரப் ஊற்றும் பழக்கம் எங்கே இருந்தாலும் அது இன்றோடு நிற்க வேண்டும்.

பாம்புக்கடியில் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஏலக்காட்டில் நம் ஆஸ்பத்திரிகளின் விஷமுறி மருந்துக்குக் கட்டுப்படாத குழிவிரியனும் உண்டு. அதனால் போடி அரசு மருத்துவமனைக்கா, நேரே க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கா, இடுக்கி பக்கம் எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தொழிலாளர்கள் வசித்த லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள்; பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. சரிவில் இருக்கும் ஒவ்வொரு காப்பகமும் பிள்ளைகளை எந்த வழியாக எங்கே கொண்டுபோவது என்று நடந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்களிடம் வரும் எதிர்ப்புகளில் ஒன்றை மதிக்கிறோம். கட்டாயம் என்று வந்தால் தெருவில் பிள்ளை பார்க்கும் அந்தப் பெண்ணை அதிகாரிகள் விரட்டிவிடுவார்கள், பிள்ளைகள் இன்னும் மோசமான இடத்துக்குப் போவார்கள் என்கிறார்கள். உண்மையான பயம். அதனால்தான் கட்டாயத்தை அரசின் பக்கம் வைக்கிறோம். படிப்புத் தகுதி பார்க்காமல், பத்துப் பிள்ளை வளர்த்த அனுபவத்தை மதித்து, தமிழில், வாய்மொழியாக, அவர் தெருவிலேயே பயிற்சி கொடுத்து, அவரையும் திட்டத்துக்குள் எடுத்து மானியம் கொடுக்கட்டும். அமெரிக்காவில் 2014-இல் திருத்திய குழந்தைப் பராமரிப்பு மானியச் சட்டம், மானியம் பெறும் வீட்டுக் காப்பகங்களுக்கும் முதலுதவி, பாதுகாப்பான தூக்கம், மருந்து கொடுக்கும் முறை, ஆபத்தான பொருள்களைக் கையாளுவது, பேரிடர் ஏற்பாடு என்று பாடங்களையே எழுதிக் கட்டாயமாக்கியது. இலங்கை மலையகத்தில் பழைய பிள்ளை மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியபோது, அங்கே பிள்ளை பார்த்த பெண்களையும் பயிற்சி பெற்ற அலுவலர்களாக ஆக்கினார்கள். தேயிலைத் தோட்டத்தில் முடிந்தது ஏலத்தோட்டத்திலும் முடியும்.

தாய் வசிப்பது தேனி மாவட்டம், வேலை பார்ப்பது இடுக்கி மாவட்டம். பிள்ளை யார் கணக்கிலும் இல்லை. இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் ஒரே பயிற்சிச் சான்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்த ஏலக்காய் வியாபாரமும் பங்கு தர வேண்டும். போடியில் ஏலம் போகும் ஒவ்வொரு மூட்டையிலும் இந்தத் தாய்மார்களின் உழைப்பு இருக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் ஜீப் நேரத்தை ஒட்டித் திறக்கும் காப்பகங்கள் முதலில் வரட்டும்.

கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் கருகியதும் ஒரு ஜூலை 16 தான், 2004-இல். மறுநாளை ஒட்டி ஆடி பிறக்கும், மலையில் காய் எடுப்புக்கு ஆள் ஏறும். ஆண்டுதோறும் ஜூலை 16-க்குள் இந்தச் சரிவிலுள்ள ஒவ்வொரு காப்பகத்திலும் பணியாளருக்கும் உதவியாளருக்கும் கூலியோடு இரண்டு நாள் நேரடிப் பயிற்சியும் தீ ஒத்திகையும் நடத்தி, பயிற்சி முடித்தவர் பெயரை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்கிறோம். பயிற்சி நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் அனுப்புவதும் அந்தச் செலவுக் கணக்கிலேயே இருக்கட்டும்.