டப்பாவில் வந்தால் நாகரிகம். பாளையில் வடிந்தால் குற்றமா?

சீமையிலே ஒரு பழக்கம் உண்டு. ஆலையில் உழைத்துக் களைத்த தொழிலாளி, கடைக்குப் போய் ஒரு தகர டப்பா வாங்கி வருகிறான். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே எடை. உள்ளே இருப்பது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த கெட்டிப் பாகு. கசப்புக்கு ஹாப்ஸ் என்னும் பூவின் சாறும் சேர்ந்திருக்கும். கூடவே ஒரு சிறு பொட்டலத்தில் ஈஸ்ட். பாகை வெந்நீரில் கரைத்து, வாளியிலே ஊற்றி, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்கிறான். ஒரு வாரம் பொறுக்கிறான். பிறகு புட்டியில் அடைத்து, மேலும் இரண்டு வாரம் பொறுக்கிறான். பீர் ஆயிற்று!

இதற்கு அவன் எவரிடமும் கைகட்டி நிற்பதில்லை. வீட்டிலே பீர் வடிக்க உரிமம் வேண்டும் என்ற சட்டத்தை 1963-ஆம் ஆண்டு பிரிட்டன் எடுத்தெறிந்தது. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டுத் தேவைக்கு வடிப்பவனுக்கு வரியும் இல்லை, வழக்கும் இல்லை என்று சொல்லிற்று. அங்கே அது பொழுதுபோக்கு, நாகரிகம்!

சீமைக் கதையைப் பேராவூரணியில் ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. பேசுகிறோம்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் பேராவூரணி. மேலே இருப்பவன் வயல் நிறைந்து, வாய்க்கால் நிறைந்து, மிச்சம் மீதி வந்தால்தான் நமக்குத் தண்ணீர். அதனால்தான் நெல்லோடு தென்னையையும் நம்பினான் இப்பகுதி உழவன். மகனைப் படிக்க வைத்தது தென்னை. மகளுக்குத் தாலி செய்தது தென்னை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது. ஓர் இரவு! தலைமுறை வளர்த்த தோப்பு தரையிலே கிடந்தது. நெட்டைத் தென்னை நட்டால் காய் காண ஆறேழு ஆண்டு ஆகும். விழுந்தவன் எழுந்து, கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, இன்று மீண்டும் நிற்கிறான். காய்க்கு விலை ஒரு மாதம் ஏறுகிறது, மறு மாதம் இறங்குகிறது. தரகன் வைத்ததே விலை.

அந்த மரத்தின் உச்சியிலே இன்னொரு வருமானம் இருக்கிறது. விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவினால் சாறு சொட்டுகிறது. நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் தரும். நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து பங்கு இனிப்பு. சொட்டும்போது அது குழந்தை குடிக்கும் பானம். ஆனால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட், அதே சாற்றைச் சில மணி நேரத்தில் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். இன்னும் விட்டால் காடி.

சீமைக்காரன் பொட்டலத்தில் வாங்குகிற ஈஸ்ட் நம் பாளையிலே தானே வந்து குடியேறுகிறது. டப்பாவும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம். இயற்கை இலவசமாகக் கொடுத்தது, சட்டம் குற்றம் என்றது!

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். தம் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் பெரியார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். அந்த வீட்டு வழி வந்த நாம் குடிக்குத் தூபம் போடுகிறோம் என்று எவரும் கயிறு திரிக்க வேண்டாம். கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் கணவனைக் கண்டு கண்ணீர் வடிக்கும் தாய்மார்களின் பக்கமே நாம் நிற்கிறோம், என்றும் நிற்போம்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியுமா? 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பிற்று, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1987 ஜனவரி முதல் நாள் கள்ளுக்கடையும் சாராயக் கடையும் மூடப்பட்டன. கதவு மூடியது யாருக்கு? மரமேறிக்கு! 1983-இல் பிறந்த டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்துள்ள பிராந்தி அரசுக் கடையில் கிடைக்கிறது. நான்கைந்து பங்கே உள்ள கள் இறக்கினால் வழக்கு. பெயர் மதுவிலக்குச் சட்டம். விலக்கப்பட்டது மதுவா, மரமேறியா?

கள் கூடாது என்போர் ஒரு காரணம் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. கள்ளில் போதை மருந்து கலந்து விற்ற கயவர்கள் இருந்தார்கள். உண்மை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது எது? மெத்தனால். தொழிற்சாலைக்குரிய நஞ்சு. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைப் பறித்து, உயிரைப் பறிக்கும் நஞ்சு. அது பாளையில் சொட்டியதன்று, பேராசைக்காரன் கலந்தது. மாண்டவர்கள் கூலிக்காரர்கள். பணக்காரன் எவனும் அந்தப் பொட்டலத்தைத் தேடிப் போகவில்லை.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே கள் இறக்குவது ஒரு தொழில். 1969-லேயே கள் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் செய்துவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மரம் ஏறுபவன் தொழிலாளி. இந்தப் பக்கம் ஏறுபவன் குற்றவாளி!

சரி, கள்ளை ஒரு பக்கம் வைப்போம். புளிக்காத சாறாகிய நீராவுக்கு என்ன தடை? 2017-இல் தமிழ்நாடு அரசு நீரா இறக்க அனுமதி அறிவித்தது. வரவேற்றோம். ஆனால் அந்த உரிமம் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களை நோக்கி வந்ததே தவிர, ஐம்பது மரம் வைத்திருக்கும் உழவனை நோக்கி வரவில்லை. அனுமதி ஏட்டில் இருக்க, சாறு பாளைக்குள்ளேயே இருந்தது.

இங்கேதான் சீமைத் தொழிலாளியின் டப்பாவிடம் பாடம் இருக்கிறது. அவன் பீர் நன்றாக வருவதற்கு மூன்றே காரணம். பாத்திரத்தைக் கொதிநீரிலும் மருந்திலும் கழுவுகிறான், வாளியை 20 பாகைச் சூட்டையொட்டி வைக்கிறான், அவசரப்படாமல் காத்திருக்கிறான். கழுவாதவன் பீர் புளிக்கிறது. சூடு மிஞ்சினால் நாற்றம் அடிக்கிறது. அவசரப்பட்டு அடைத்தவன் புட்டி வெடிக்கிறது. டப்பாவோடு எழுதிய தாளும் வருவதால், பள்ளிப் படிப்பே உள்ளவனும் பிழையின்றிச் செய்கிறான்.

நீராவுக்கும் தூய்மையும் குளிர்ச்சியுமே உயிர். பாட்டன் காலத்தில் கலயத்தில் சுண்ணாம்பு தடவினார்கள்; அது புளிப்பைத் தடுத்தது. காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றை உருவாக்கியது. பாளை நுனியோடு பெட்டி இணைகிறது. சாறு விழும்போதே குளிர்கிறது. ஈஸ்ட் வேலை செய்ய வழியில்லை. சுண்ணாம்பும் வேண்டாம். அதைக் காய்ச்சினால் சர்க்கரை, பாகு. அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது, மரம் இருக்கிறது. இல்லாதது என்ன? கொடுக்கும் மனம்!

ஆகவே நாம் கேட்கிறோம். சிறு உழவனுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நீரா உரிமம் வேண்டும். அது பேராவூரணியிலேயே கிடைக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியும் குளிர்நிலையமும் சங்கத்தின் வழியே வர வேண்டும். மரம் ஏறுபவனுக்குப் பயிற்சி, நியாயக் கூலி, விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் காப்பீடு வேண்டும். மரம் ஏறுதல் ஒரு சாதியின் தலையெழுத்து அன்று; கற்றவன் எவனும் செய்யும் தொழில் ஆக வேண்டும்.

கள்ளைப் பற்றி ஒரே வார்த்தை. மதுவிலக்கு என்றால் பிராந்திக்கும் விலக்கு. விலக்கு இல்லையென்றால் கள்ளுக்கு மட்டும் விலங்கு ஏன்? இரண்டில் ஒன்றை நேர்மையோடு மக்கள் முன் வைக்கட்டும்.

தோழர்களே! சட்டம் மாறும்வரை எவரும் வீட்டிலே வடிக்க முனைய வேண்டாம். டப்பாவும் வேண்டாம், கலயமும் வேண்டாம். வழக்கு வந்தால் வாடுவது உங்கள் பிள்ளைகள். தோப்புத் தோப்பாகச் செல்லுங்கள். உழவனிடமும் மரமேறியிடமும் பேசுங்கள். கையெழுத்து வாங்குங்கள். சங்கம் கட்டுங்கள். கஜா வீழ்த்திய தோப்பை மீண்டும் எழுப்பிய கைகள் அவை. ஒரு சட்டத்தைத் திருத்த அந்தக் கைகளால் முடியாதா?