எ டச் ஆஃப் கிளாத்: போலீஸ் சோகத்துக்கு ஒரு ஆடிட்

பிரிட்டிஷ் டிவியில் நாலு துப்பறியும் தொடர் பார்த்தவர்களுக்கு ஐந்தாவதின் கதை தானாகவே தெரிந்துவிடும். மழை பெய்யும். ஒரு பிணம் கிடக்கும். இன்ஸ்பெக்டருக்கு மனைவி இருக்க மாட்டார், பாட்டில் இருக்கும். மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார், கடைசிக் காட்சியில் எங்கேயோ வெறித்துப் பார்ப்பார். அவ்வளவுதான் மக்களே!

இந்த ஃபார்முலாவைப் போட்டு உடைத்த தொடர்தான் 'எ டச் ஆஃப் கிளாத்'. சார்லி புரூக்கரும் டேனியல் மெய்யரும் எழுதியது. ஸ்கை 1 சேனலில் 2012 முதல் 2014 வரை மூன்று சீசன், மொத்தமே 6 எபிசோடு. தலைப்பே, டேவிட் ஜேசன் நடித்த 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்' தொடரைக் கிண்டலடிப்பதுதான். நாயகன் ஜாக் கிளாத். அவருடன் துப்பறியும் பெண் அதிகாரியின் பெயர் ஆன் ஓல்ட்மேன். வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் 'ஒரு கிழவன்' என்று காதில் விழும். மேலதிகாரி பெயர் டாம் பாஸ். பாஸ் பெயரே பாஸ்! :)

"வெறும் கடி ஜோக்" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காத விஷயம் நடிகர்கள். கிளாத்தாக வரும் ஜான் ஹன்னா, 2000-ல் தொடங்கிய 'ரீபஸ்' தொடரில் எடின்பரோ போலீஸ்காரராக நிஜமாகவே சீரியஸாக நடித்தவர். ஓல்ட்மேனாக வரும் சுரான் ஜோன்ஸ், அதே காலத்தில் 'ஸ்காட் அண்ட் பெய்லி'யில் மான்செஸ்டர் போலீஸாக நடித்துக்கொண்டிருந்தவர். இருவரும் இங்கேயும் அதே இறுகிய முகத்தோடுதான் வருகிறார்கள். வசனம் மட்டும்தான் உளறல். ஆனாலும் சோகம் அப்படியே பொருந்துகிறது!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. என்ன உளறினாலும் பொருந்துகிற சோகத்துக்கும், செத்துப்போனவருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. இந்தத் தொடர்களின் கணக்குப் புத்தகத்தில் பிணம் என்பது வெறும் வவுச்சர். இன்ஸ்பெக்டரின் வேதனையை வரவு வைக்க அது தேவை, பிறகு ஃபைலுக்குள் போய்விடும். செத்தவர் யார், அவர் வீட்டில் யார் அழுகிறார்கள் என்று பார்க்கிறவர்களும் கேட்பதில்லை. ஒரு கொலையை டீயோடு சேர்த்து ரசிக்கப் பழகிவிட்டோம். அதைத்தான் இந்த கிளாத் அம்பலப்படுத்துகிறார்.

குறை இல்லாமல் இல்லை. நொடிக்கொரு ஜோக் என்பதால் சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. பாணியும் புதிதல்ல. 1982-லேயே அமெரிக்காவில் லெஸ்லி நீல்சன் 'போலீஸ் ஸ்குவாட்' தொடரில் இதைச் செய்தார். அதுவும் 6 எபிசோடுதான்.

அப்படியானால் துப்பறியும் தொடர்களே வேண்டாமா? அப்படியில்லை. 2013-ல் ஐடிவியில் வந்த 'பிராட்சர்ச்' முதல் சீசனைப் பாருங்கள். 8 எபிசோடும் ஒரே ஒரு சிறுவனின் சாவைப் பற்றியது. அதிலும் உம்மென்று ஒரு இன்ஸ்பெக்டர் உண்டு. ஆனால் அவரை விட அந்தப் பையனின் அம்மா, அப்பா, அந்தக் கடலோர ஊர் இதெல்லாம்தான் மனதில் நிற்கிறது.

அடுத்த முறை டிவியில் ஒரு இன்ஸ்பெக்டர் தனியாக உட்கார்ந்து குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: செத்தவர் பெயர் என்ன? ஞாபகம் வந்தால் அது நல்ல தொடர். வராவிட்டால், சிரிக்கத் தெரியாத இன்னொரு கிளாத்!