உச்சி வரை ஏறுங்கள்

கோகிமா போர்க் கல்லறையைப் பற்றிப் பேச்செடுத்தால், "வெள்ளைக்காரன் புதைகுழியில் நமக்கென்ன வேலை?" என்று கேட்கும் தோழர்கள் நம் விடுதியிலேயே உண்டு. போய்வந்த சிலரும் அடிவாரத்து நினைவுக்கல்லைப் படம் பிடித்ததோடு திரும்பிவிட்டார்கள்.

1944 ஏப்ரலில் ஜப்பானியப் படை கோகிமாவை வளைத்தது. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் திடலே போர்க்களமாயிற்று. ஒரு பக்கம் இவர்கள், மறு பக்கம் அவர்கள், நடுவே பந்தாடிய தரை! ஜூன் 22இல்தான் இம்பால் சாலை திறந்தது. திடலின் கோடுகள் இன்றும் அங்கே தெரிகின்றன.

அதைச் சுற்றி 1,420 கல்லறைகள். அதிகாரிக்கொரு கல், சிப்பாய்க்கொரு கல் என்ற பேதமில்லை. பதவியாலோ பணத்தாலோ கல் உயரக் கூடாது என்பது 1918இல் கென்யன் அறிக்கை வகுத்த நெறி. சுடுகாட்டிலும் சாதிக்கொரு பாதை வைத்திருக்கும் நாம் இதைப் பார்க்க வேண்டாமா?

உச்சியில் தகன நினைவுச் சின்னம். தீக்கு இரையாக்கப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு உரியது அது. வெள்ளைக்காரன் கல்லறையாம்!

அந்த நெறி எங்கும் காக்கப்பட்டதா? இல்லை. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் பல்லாயிரவர்க்குப் பெயரே பொறிக்கவில்லையென்று கல்லறை ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஏகாதிபத்தியத்துக்காகச் செத்தவர்கள்தாம், மறுக்கவில்லை. கூலிக்குப் போன உழவன் மகனை ஏகாதிபத்தியம் மறந்தது, நாமும் மறப்பானேன்?

பூசை விடுமுறையில் சங்கம் ஒரு குழுவை அனுப்பலாம். குவாகாட்டியிலிருந்து திமாப்பூர் வரை ரயில், அப்பால் மலைப்பாதை.