கால் இழுத்தலும் இழுத்தடித்தலும்

ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லாதவன், வெளிப்படையாக மறுக்கவும் துணிவின்றி, வேண்டுமென்றே தாமதஞ் செய்வானாயின், அவன் தன் கால்களை இழுக்கிறான் என்பர் ஆங்கிலேயர். இவ்வழக்கைக் கற்கும் சீன மாணவனுக்கு இதில் பெருவியப்பிராது. அவன் மொழியிலும் 'துவோ' என்னுஞ் சொல் இழுத்தலையும் தாமதித்தலையும் ஒருங்கே குறிக்கின்றது. நாமும் 'இழுத்தடித்தல்' என்கிறோம்.

மூன்று மொழிகளும் ஒத்துவிட்டன என்று மகிழுமுன் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயன் இழுப்பது தன் காலை. தமிழில் இழுபடுபவனோ பிறன்! "ஆறு மாதமாய் என்னை இழுத்தடிக்கிறான்" என்று முறையிடுகிறவன் காத்திருப்பவனேயன்றித் தாமதிப்பவனல்லன். அலைக்கழித்தல், செருப்புத் தேய நடத்தல் என்பனவும் அத்தன்மையவே. கச்சேரி வாயில்களில் நம் மக்கள் எப்பக்கம் நின்றார்கள் என்பதை இச்சொற்களே காட்டும் என்பது என் கருத்து.

'ஊறப்போடுதல்' மற்றொன்று. திண்டுக்கல்லில் வாழ்வோர்க்கு இதன் நேர்ப்பொருளை விளக்க வேண்டுவதில்லை. தோல் பதனிடுமிடத்தில் சுண்ணாம்பு நீரிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் தோல் ஊறியே தீரவேண்டும். அங்கே தாமதமே தொழில். ஆனால் கழிவுநீர் விஷயத்தையும் அவ்வாறே ஊறப்போட்டதுதான் கொடுமை. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகும். அந்நீரைச் சுத்திகரிக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏறக்குறையப் பத்தாண்டு வற்புறுத்தியும், அரசு மானியந் தர முன்வந்தும், ஆலைகளிற் பல அசையவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்து, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்குத் தலா ரூ.10,000 அபராதம் விதித்தது. (வழக்கும் ஐந்தாண்டு நடந்தது, அது நிற்க.)

அத்தீர்ப்பிலேயே ஒரு கணக்குண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களில் 13 கிராமங்களை ஆராய்ந்தபோது, குடிக்கவும் பாய்ச்சவும் உதவிய 467 கிணறுகளில் 350 கெட்டுக் கிடந்தனவாம். பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடந்தனர்.

ஆலைகள் தம் கால்களை இழுத்தன என்று இதனை ஆங்கிலத்தில் எழுதினால் இலக்கணப் பிழையில்லை. ஆயினும் அவ்வாக்கியத்தில் குடஞ் சுமந்து நடந்தவள் எங்கே? இதனைத் தமிழிற் பெயர்க்கும் மாணவ நண்பர்காள், 'ஊரை இழுத்தடித்தன' என்றே எழுதுங்கள். தேய்ந்த கால் எவருடையது என்பது அப்போதுதான் விளங்கும்.