பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறோம், பார்த்துச் சொன்னவனுக்குக் கொடுக்கிறோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். படித்துவிட்டு என்னோடு சண்டை போடுவதென்றாலும் சரி, வாருங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். "சார், ஐட்லிங் நல்லா இருக்கு. முழுசா மிதிச்சா பறக்குது. ஆனா அம்பது அறுபதுல போகும்போது லேசா மிதிச்சா ஒரு விக்கல் விக்குது." என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒரு பட்டியல் வருகிறது. முதலில் பிளக் மாற்றினார்கள். பிறகு ஃபியூயல் பம்ப். பிறகு காயில். அதுவும் சரிவரவில்லை என்றதும் "ஈசியு போயிடுச்சு" என்றார்கள். கடைசியில் "எல்லாம் எத்தனால் பண்ற வேலை, வண்டியை எடைக்குப் போட்டுடுங்க" என்று தீர்ப்பு. இத்தனை படிகளில் எதையாவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்குப் பெயர் குருட்டாம்போக்கு. இதை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது லான்சர். 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் தயாரிக்க ஆரம்பித்த வண்டி. இன்று அதே இடத்தில் சிட்ரோயன் கார்கள் வெளிவருகின்றன. லான்சருக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. புதுப்பேட்டையில் அலைய வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் ஊகத்தின்பேரில் பாகம் மாற்றுவது பணத்தை மட்டும் தின்னாது, நல்ல நிலையில் இருந்த அசல் பாகத்தையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிடும்.

என் வண்டிக்கும் இதே விக்கல் வந்தது. ஒரு பட்டறையில் பிளக்கும் பம்பும் மாற்றச் சொன்னார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "முழுசா மிதித்தால் நன்றாக இழுக்கிறதே, அப்புறம் பம்ப் எப்படிக் கெட்டுப்போயிருக்கும்?" பதில் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். எஞ்சினுக்கு அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படுவது முழு மிதியில். அப்போது குறையில்லாமல் பெட்ரோல் போகிறதென்றால், பம்ப்பும் ஃபில்டரும் பெரும்பாலும் நிரபராதிகள். பொறிக்கும் இதே நியாயம். முழு மிதியில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூடப் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அங்கே மிஸ்ஸிங் அடிக்காத பிளக்கையும் காயிலையும் முதல் ஆளாகச் சந்தேகிப்பது நியாயமில்லை. காற்றுக்குழாயில் ஓட்டை இருந்தால் அது ஐட்லிங்கில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அங்கேதான் உறிஞ்சல் அதிகம். சைலன்சர் பக்கம் அடைப்பிருந்தால், வேகம் கூடக் கூட மூச்சு முட்டும்.

ஆக, இரண்டு முனையும் நன்றாக இருந்து நடுவில் மட்டும் கோளாறு என்றால், நடுவில் மட்டும் வேலை செய்கிற அல்லது நடுவில் மட்டும் தேய்கிற பொருளைத் தேட வேண்டும். ஈ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டியென்றால் அது ஒரு ஆள். ஐட்லிங்கிலும் முழு மிதியிலும் மூடியிருந்து, நடுவில்தான் அது திறக்கும். இன்னொரு ஆள் த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் கம்பிமேல் ஜாக்கியை வைத்து நகர்த்தினீர்களே, அந்த மின்னழுத்தமானி நினைவிருக்கிறதா? "இதெல்லாம் வாழ்க்கையில் எதுக்கு சார்" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள், தெரியும். இதற்குத்தான். பழைய கார்களில் இந்தச் சென்சார் பெரும்பாலும் அதே தத்துவம்தான். ஒரு தடத்தின்மேல் ஒரு தொடுமுனை நகரும். தினமும் ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் தொடுமுனை ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் தேயும். தேய்ந்த இடத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் விழும். கால் எடுத்துவிட்டார்கள் என்று ஈசியு நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும். அதுதான் விக்கல்.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? ஒரு மல்டிமீட்டர், அதுவும் முள் உள்ள பழைய மீட்டர் என்றால் இன்னும் நல்லது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், த்ராட்டிலைக் கையால் மெதுவாகத் திறக்க வேண்டும். முள் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்வரை தடையில்லாமல் ஏற வேண்டும். என் வண்டியில் ஒரு இடத்தில் முள் துள்ளி விழுந்தது. சென்சாரை மாற்றியதும் விக்கல் நின்றது.

"ஸ்கேனர் போட்டால் தெரிந்திருக்குமே" என்பார்கள். நம் நாட்டில் ஓ.பி.டி. கட்டாயமாக வரத் தொடங்கியதே 2010-இல்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளோடு இன்றைய ஸ்கேனர்கள் பேசவே பேசாது. பேசினாலும், ஒரு கணம் விழுந்து எழும் கோளாறு பல நேரம் குறியீடாகப் பதிவாகாது. பதிவானாலும் எந்தப் பக்கம் தேடலாம் என்றுதான் அது சொல்லும். எதை மாற்று என்று சொல்லாது.

எத்தனாலுக்கு வருகிறேன். இருபது சதவீதம் கலந்த பெட்ரோலால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டால் கலவையின் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. கலவை சற்று மெலிகிறது. பழைய ரப்பர் குழாய்கள் பாதிக்கப்படலாம், டேங்கின் பழைய அழுக்கு கரைந்து ஃபில்டருக்கு வரலாம். அந்தந்த வண்டியில் அவற்றைச் சோதியுங்கள். ஆனால் ஐட்லிங்கிலும் அதே பெட்ரோல், முழு மிதியிலும் அதே பெட்ரோல். நடுவில் மட்டும் எத்தனால் எப்படி வில்லனாகும்? சோதிக்காமல் எத்தனாலைத் திட்டுவதும், சோதிக்காமல் பம்ப் மாற்றுவதும் ஒரே சோம்பேறித்தனம்.

இப்போது உங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு. ஆலையில் ஒரு மெஷின் நின்றால் என்ன செய்கிறீர்கள்? ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஷிப்ட் முடிக்க முடியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், சொந்தக் காரைப் பட்டறையில் விடும்போது மட்டும் "என்னமோ பண்ணுங்கண்ணே, சாயங்காலம் வேணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, அது என்ன நியாயம்? கம்பெனிக்காரனுக்கு ஒரு மூளை, வீட்டுக்கு ஒரு மூளையா?

பட்டறைப் பையன்களை நான் திட்டவில்லை. ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்து, மீட்டர் வைத்து அளந்து, "ஒரு ஒயர் லூஸ், சரி பண்ணிட்டேன், ஐந்நூறு ரூபாய் கொடுங்க" என்றால் நாம் கொடுக்கிறோமா? "ஒயர் மாட்டினதுக்கு ஐந்நூறா?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஆறாயிரம் ரூபாய்க்குத் தேவையில்லாத பம்ப் மாட்டினால், பில்லைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். யோசித்தவனுக்குக் கூலி கிடையாது, மாற்றியவனுக்கு உண்டு என்றால், அவன் எதற்கு யோசிப்பான்? கணக்கில் விடைக்கு மட்டுமா நான் மதிப்பெண் போட்டேன்? படிகளுக்கும் போட்டேனே!

இது பணம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை பக்கம் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரியை முந்தப் போகும் நேரத்தில் வண்டி ஒரு நொடி விக்கினால், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடி என்பது சுமார் 17 மீட்டர். பின்னால் வருபவன் உங்கள் கணக்கில் இல்லாத 17 மீட்டர். குழந்தைகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது மூன்றுதான். எந்த வேகம், எந்த கியர், எஞ்சின் சூடா குளிரா, எவ்வளவு மிதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். "எதை அளந்து பார்த்து இந்தப் பாகம் கெட்டது என்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்து சொன்னவருக்கு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் அப்படி மீட்டர் வைத்துப் பார்க்கும் மெக்கானிக் யாரையாவது தெரிந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு கீழே எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும். அவருக்கும் நாலு வண்டி வரும்.